புது ரேஞ்ச், பழைய இணைப்பு: ஒரு பொருத்துதலின் நிகழ்வு ஆய்வு

புகார் இரண்டு. புதிதாக வாங்கிய குக்கிங் ரேஞ்சில் எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் அடி கரி பிடிக்கிறது. அப்புறம், ஈரக் கையோடு ஓவன் கதவின் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறது. பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வீட்டார் இவற்றைத் தனித்தனிச் சில்லறைக் குறைகளாகத்தான் நினைத்திருந்தார்கள். கரிக்கு ‘பர்னர் புதுசு, போகப்போகச் சரியாகிவிடும்’ என்று ஒரு சமாதானம். சுருக்கென்பதற்கு ‘செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள்’ என்று ஒரு யோசனை. அந்த யோசனையைச் சொன்னவர் யாரென்று நான் கேட்கவில்லை.

சோதித்துப் பார்த்ததில் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஞ்ச் தரமானது. வீட்டுக்கு வரும் கேஸ் சரியாக வருகிறது, மின்சாரமும் அப்படியே. இது இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் யார் கையிலும் இல்லை. கடைக்காரர் அதைப் பொருத்துபவர் செய்வார் என்று விட்டார். பொருத்த வந்தவர் கடையில் கேட்டுத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தார்.

வீடும் சாதனமும்

வாங்கியது 60 சென்டிமீட்டர் அகலமுள்ள, தரையில் நிற்கும் ரேஞ்ச். மேலே நான்கு கேஸ் பர்னர், கீழே மின்சார ஓவன், ஓவனுக்குள் கிரில், முகப்பில் எலக்ட்ரானிக் டைமர். கேஸ் வருவது வெளியே வைத்திருக்கும் சிலிண்டரிலிருந்து. ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தை 30 மில்லிபாருக்கு இறக்கித் தருகிறது. முன்பு அந்த இடத்தில் இருந்தது மேடைமேல் வைக்கும் இரண்டு பர்னர் அடுப்பு. அதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை. பாதிப் பிரச்சினை அங்கிருந்துதான் வந்தது.

வாங்கும்போது வீட்டார் அசட்டையாக இருக்கவில்லை. இடைவெளியை அளந்தார்கள். ஓவன் எத்தனை லிட்டர் என்று பார்த்தார்கள். மேல்மூடி கண்ணாடியா, குமிழ்களைக் கழற்றிக் கழுவ வருமா என்றெல்லாம் விசாரித்தார்கள். ‘ஃபிட்டிங் இலவசம்’ என்று கடையில் சொன்னதும் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. வந்தவர் ரேஞ்சை இறக்கி, ட்யூபை மாட்டி, ப்ளக்கைச் சொருகி, ஒரு பர்னரைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார். பற்றிவிட்டது, அதனால் பொருத்தியாகிவிட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அடுப்பு பற்றுவது எதற்கும் அத்தாட்சி இல்லை. தப்பான ஜெட்டிலும் (பர்னருக்குள் கேஸை விடும் துளையுள்ள சின்னத் திருகு) அது பற்றும், கசியும் இணைப்பிலும் பற்றும்.

கரி எங்கிருந்து வந்தது

நடுத்தர பர்னரைப் பற்றவைத்தேன். அடியில் மங்கலான நீலம், அதன்மேல் மஞ்சள் நாக்குகள் நீளமாக எழுந்து ஆடின. பாத்திரத்தை வைத்ததும் அவை பக்கவாட்டில் ஏறி விளிம்பைத் தொட்டன. சிம்மில் வைத்தாலும் தீ அடங்கவில்லை.

பர்னரின் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் உள்ளே பித்தளை ஜெட்டின் தலை தெரியும். துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அதன்மேல் பொறித்திருப்பார்கள். இங்கே ‘97’ என்று இருந்தது, அதாவது 0.97 மில்லிமீட்டர். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு, 20 மில்லிபார் அழுத்தத்தில், 1.75 கிலோவாட் பர்னருக்கு உரிய அளவு அது. அதே பர்னருக்கு சிலிண்டர் கேஸில் வேண்டியது ‘65’. அந்த 65 எங்கே என்று தேடினால், ஓவனுக்குக் கீழுள்ள இழுப்பறையில், பிரிக்காத கையேட்டோடு டேப் போட்டு ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் பையில் இருந்தது. நான்கு பர்னருக்குமான ஜெட்டுகளும் அதில் பத்திரமாக இருந்தன. இது அபூர்வமும் இல்லை. பல கம்பெனிகள் ரேஞ்சை ஒரு வகை கேஸுக்கு அமைத்து, இன்னொரு வகைக்கான ஜெட்டுகளைக் கூடவே பையில் போட்டு அனுப்புகின்றன. பை யார் கண்ணிலும் படாவிட்டால் ரேஞ்ச் தப்பான ஜெட்டோடுதான் எரியும்.

எவ்வளவு தப்பு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கேஸும் அழுத்தமும் மாறாதபோது வெளியேறும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. 97-ஐயும் 65-ஐயும் வர்க்கமாக்கி வகுத்தால் ஏறத்தாழ 2.2 வரும். ஆக, 1.75 கிலோவாட் எரிக்கவேண்டிய பர்னருக்குள் கிட்டத்தட்ட 3.9 கிலோவாட்டுக்கான கேஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்கேற்ற காற்று உள்ளே வர வழியில்லை. குழாய் கேஸில் பெரும்பகுதியான மீத்தேன் முழுதாக எரிய அதன் கன அளவைப்போல் சுமார் 9.5 மடங்கு காற்று வேண்டும். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனுக்கு 24, பியூட்டேனுக்கு 31. காற்று போதாதபோது எரியாத கரித்துகள் சூடாகி மஞ்சளாக ஒளிர்கிறது, பாத்திரத்தின் அடியில் போய்ப் படிகிறது.

கரி படிந்தால் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம். அதே அரைகுறை எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி, இரண்டு பர்னரில் பெரிய பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, மோனாக்சைடை அளக்கும் மீட்டரை மூக்கு உயரத்தில் வைத்துப் பார்த்தேன். 40 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 40 பங்கு) தாண்டியதும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். உள்ளறைக் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒரு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 35 மில்லிகிராம். அது ஏறக்குறைய 30 பிபிஎம். அந்த வீட்டில் சமைக்கும்போது பின்கதவு திறந்தே கிடப்பது வழக்கம். மழை பெய்து கதவைச் சாத்தும் நாட்களில் தலை கனமாக இருந்தது என்று பிறகு பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார். அதைப் புகாராகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இதே தப்பு எதிர்த்திசையில் நடந்தால், அதாவது குழாய் கேஸில் சிலிண்டர் ஜெட் இருந்தால், தீ பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர் கொதிக்காது, அன்றைக்கே போன் வரும். பெரிய தீ வரும்போது மட்டும் யாரும் உடனே போன் செய்வதில்லை. புது அடுப்பு நன்றாக எரிகிறது என்றுதான் நினைக்கிறார்கள்.

ஜெட்டை மாற்றுவதோடு வேலை முடியாது. சிம்மில் போகும் கேஸை ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் உள்ள பைபாஸ் திருகு தீர்மானிக்கிறது. இந்த மாடலில் சிலிண்டர் கேஸுக்கு மாற்றும்போது அந்தத் திருகை முழுக்க உள்ளே இறுக்க வேண்டும். ஜெட்டை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. சிம் ஏன் பெரிதாகவே எரிகிறது என்று அப்புறம் குமிழைக் குறை சொல்வார்கள்.

சுருக்கென்றது ஏன்

வீட்டாரிடம் முதல் நாளில் நடந்ததைத் திரும்பக் கேட்டேன். ரேஞ்சின் ப்ளக்கை முதலில் சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள். ஓவனைப் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகியிருக்கிறது. திரும்பத் தூக்கிவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே. வந்தவர் ஒரு ‘தீர்வு’ கண்டுபிடித்தார். பக்கத்து அறையில் எர்த் இல்லாத பழைய பாயிண்ட் ஒன்று இருந்தது. அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து ரேஞ்சை மாட்டினார். ட்ரிப் நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாருக்கும் நிம்மதி.

இந்த முழு விவகாரத்திலும் எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்து, கசிவு இருக்கிறது என்று தெரிவித்தது. அந்தக் கசிவை யாரும் தேடவில்லை. அது போகும் பாதையை மட்டும் அறுத்துவிட்டார்கள். உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமாக இல்லாவிட்டால்தான் ஆர்சிசிபி விழும். எர்த் வழியாக வெளியேற வழியில்லாதபோது வித்தியாசம் வராது, அதனால் அதுவும் விழாது. ரேஞ்சின் உலோக உடம்பு மின்னழுத்தத்தோடு அப்படியே காத்திருக்கும். யாராவது ஈரக் கையால் தொட்டு, வெறுங்காலோடு தரையில் நிற்கும்போது அவர் உடம்பே எர்த் ஆகிவிடும். வீட்டுக் கிளைகளுக்குப் போடும் ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அதற்குக் கீழே சுருக்கென்று உறைக்கும். ஆனால் ஆர்சிசிபி விழவேண்டிய கட்டாயம் இல்லை.

கசிவு எங்கே? மெயினை அணைத்து, ஓவனைச் சூடாக்கும் எலிமெண்ட்டுகளைத் தனித்தனியே கழற்றி, மின்காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தேன். கீழ் எலிமெண்ட் நன்றாக இருந்தது. கிரில் எலிமெண்ட் மட்டும் 0.01 மெகா ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் அதன் வழியே 23 மில்லி ஆம்பியர் போகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதில் பாதிக்கு மேல் எந்த இடத்திலும் விழலாம், ஆகவே விழுந்ததில் ஆச்சரியமில்லை. எலிமெண்ட் பழுதும் இல்லை. எலிமெண்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கிடங்கில் நாள்கணக்கில் கிடந்த புது ஓவன்களில் இது சாதாரணம். கிரிலைத் துண்டித்தபடியே வைத்து, முறையான எர்த்தோடு கீழ் எலிமெண்ட்டை மட்டும் மிதமான சூட்டில் ஓடவிட்டோம். ஓவனின் சூட்டிலேயே கிரில் காய்ந்தது. மறுபடி அளந்தபோது 20 மெகா ஓமுக்கு மேல். பொதுவாக ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் நான் ஓட விடுவதில்லை.

அந்த எக்ஸ்டென்ஷன் போர்டையும் கவனிக்க வேண்டும். 6 ஆம்பியர் போர்டு. ஓவனும் கிரிலும் சேர்ந்து 2.8 கிலோவாட், 230 வோல்ட்டில் 12 ஆம்பியருக்குச் சற்று மேல். ஓவனை இரண்டொரு தடவைதான், அதுவும் கொஞ்ச நேரம்தான் போட்டிருக்கிறார்கள். அதற்குள்ளேயே ப்ளக்கின் பின்னைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி, விரலால் தடவினால் மேடுபள்ளமாக இருந்தது. தளர்ந்த தொடுமுனையில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும். 12 ஆம்பியரில் அங்கே கிட்டத்தட்ட 29 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னைப் போர்டுக்குள் செருகி வைத்தது மாதிரிதான்.

ட்யூபும் மரையும்

பழைய அடுப்பின் ரப்பர் ட்யூபையே இதற்கும் மாட்டியிருந்தார்கள். பழைய அடுப்பில் அது மேடையோடு கிடந்தது. இப்போது ரேஞ்சின் முதுகுப்புறமாக, ஓவனின் சூடான காற்று வெளியேறும் துவாரத்துக்கு ஒட்டினாற்போல் வளைந்து போயிற்று. அந்த இடத்தில் மட்டும் ரப்பர் மினுமினுத்து, அழுத்தினால் மெத்தென்று போனது. இன்னும் சில மாதம் ஓவனைத் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் அங்கேதான் வெடிப்பு விட்டிருக்கும்.

ரேஞ்சின் கேஸ் நுழைவாய் அரை இஞ்ச் நேர்மரை, அதாவது முனைவரை ஒரே பருமனுள்ள மரை. நேர்மரையில் அடைப்பது வாஷர்தான். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, முனை நோக்கிக் குறுகும் கூம்புமரைக்கு உரிய வேலை. இங்கே வாஷர் இல்லை, டேப் மட்டும் தாராளமாகச் சுற்றியிருந்தது. சோப்பு நீர் தடவியதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நட்டின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு குமிழி ஒன்று வளர்ந்து உடைந்தது. அப்புறம் அதே இடத்தில் இன்னொன்று. மூக்கில் படாத அளவு கசிவு. சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், அதனால் மேலே எழுந்து ஜன்னல் வழியே போகாது. இழுப்பறைக்குக் கீழே, தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே பற்றக்கூடியது. தொடுமுனை தளர்ந்து பொறி தட்டக்கூடிய நிலையில் இருந்த ஒரு ப்ளக் அதே மூலையில் தரையில் கிடந்தது.

குமிழி பார்த்த இடத்தைச் சுத்தமான நீரால் துடைத்துவிட வேண்டும். அமோனியா கலந்த சுத்திகரிப்பு திரவங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, நாளடைவில் பித்தளையை வெடிக்க வைக்கும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

சரிசெய்த வரிசை

என்ன செய்தோம் என்பதைவிட எதை முதலில் செய்தோம் என்பது இங்கே முக்கியம். வீட்டார் சொன்னது, ‘ட்யூபைத்தான் முதலில் மாற்றுங்கள், அதுதான் பயமாக இருக்கிறது.’ சிலிண்டரை அடைத்துவிட்டு, ட்யூபுக்கு முன் மின்சார வேலையை எடுத்தோம். காரணம் இது. ரப்பர் ட்யூப் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குப் பதில் உலோகப் பின்னல் ஹோஸை மாட்டினால், எர்த் இல்லாத ரேஞ்சின் கசிவு மின்சாரம் அந்த ஹோஸ் வழியாக கேஸ் குழாய்க்குப் போகும். கைப்பிடி சுருக்கென்பது நின்றுவிடும். எல்லாரும் சரியாகிவிட்டது என்பார்கள். கேஸ் குழாயில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அறிகுறி காணாமல் போய் ஆபத்து அதிகமாகும் இடம் இது. முதல் நாள் ட்ரிப்பை நிறுத்தியதில் நடந்ததும் இதே வகைதான்.

ஓவனுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வந்தது: 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, ஆர்சிசிபி, அளந்து பார்த்த எர்த். ரேஞ்சை இழுக்காமலே அணைக்கும்படி ஸ்விட்சைப் பக்கத்துச் சுவரில் வைத்தோம். முழு மின்சார ரேஞ்ச் வாங்கியிருந்தால் இந்த லைனும் போதாது. 7.2 கிலோவாட் இண்டக்ஷன் மேற்புறம் மட்டுமே 31 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, 32 ஆம்பியர் லைன், ப்ளக் இல்லாத நேரடி இணைப்பு என்று கணக்கு வேறு.

அப்புறம் ஜெட்டுகள், பைபாஸ் திருகுகள், புது ஹோஸ், வாஷர். வால்வை அடைத்து, அழுத்தம் அளக்கும் மானோமீட்டரில் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தபிறகுதான் பர்னரைப் பற்றவைத்தது. தீ நீலமாக, பர்னரை ஒட்டி நின்றது. அதே பாத்திரங்கள், அதே சாத்திய ஜன்னல்; மீட்டர் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. கடைசியாக ஒவ்வொரு பர்னரையும் ஊதி அணைத்துப் பார்த்தேன். தீயின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் ஆறியதும் கேஸை நிறுத்தும் காந்த வால்வு ‘டக்’கென்று மூடும் சத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கிலும் கேட்டது. ஓவனைக் காலியாக, முழுச் சூட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து ஓடவிட்டு உள்ளே பூசியிருந்த எண்ணெயைப் போக்கினோம்.

பின்சுவரில் மாட்டவேண்டிய சங்கிலியும் கையேட்டுப் பையிலேயே கிடந்தது. திறந்த ஓவன் கதவின்மேல் ஒரு குழந்தை ஏறி நின்றால் ரேஞ்ச் முன்பக்கம் கவிழ்ந்து, மேலே இருக்கும் கொதிநீர் அந்தக் குழந்தையின் மேலேயே விழும். சங்கிலி மாட்ட இரண்டு திருகு போதும்.

கடைக்குப் போகும் முன்

என்னைக் கேட்டால், ரேஞ்ச் வாங்கப் போகிறவர் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது இடைவெளியின் அளவை மட்டும் அல்ல. வீட்டில் எந்த கேஸ், எத்தனை மில்லிபார், அந்த மூலையில் எத்தனை ஆம்பியர் லைன், எர்த் உண்டா, மேலே அலமாரி எவ்வளவு உயரத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கடையில் கதவையோ இழுப்பறையையோ திறந்து, விவரத் தகட்டைப் போனில் படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். தகட்டில் ‘ஜி20, 20 மில்லிபார்’ என்றிருந்தால் இயற்கை எரிவாயு. ‘ஜி30’ பியூட்டேன், ‘ஜி31’ புரோப்பேன். இந்த ரேஞ்சின் தகட்டில் ஜி20 என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ‘ஃபிட்டிங் இலவசம்’ என்றால் அதில் ஜெட் மாற்றுவதும் கசிவுச் சோதனையும் சேர்த்தியா என்று கேளுங்கள். பதில் இழுத்தால், தகுதியுள்ள ஆளை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கேஸ் அலாரம் ஒன்றும் வாங்கி வைத்தார்கள். இரண்டும் ஒரே உயரத்தில் வேண்டியவை அல்ல. சிலிண்டர் கேஸுக்கானது தரைக்கு அருகில், மோனாக்சைடுக்கானது கூரையிலோ தலை உயரத்திலோ, கையேடு சொல்கிறபடி. அலாரம் இருப்பதால் ஜெட் சரியாகிவிடாது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. ரேஞ்சுக்கு நேர்மேலே இருக்கும் மர அலமாரியின் அடி, பர்னரிலிருந்து 58 சென்டிமீட்டர். கையேடு கேட்பது 70. பழைய இரண்டு பர்னர் அடுப்பு சற்று முன்தள்ளி இருந்ததால் அது உறுத்தவில்லை. இப்போது பின் பர்னர்கள் சரியாக அதற்குக் கீழே வருகின்றன. அடியில் தகரம் அடித்தால் போதாதா என்று கேட்டார்கள். தகரம் சூட்டை மரத்துக்குக் கடத்தவே செய்யும் என்பதால் ஒப்புக்கொள்ளவில்லை. தச்சர் வந்து அலமாரியை உயர்த்தித் தரும்வரை பின் பர்னர் இரண்டின் தட்டுகளையும் கழற்றி வைத்திருக்கிறார்கள். என் சோதனைத் தாளில் அந்த வரிக்கு நேரே ‘நிலுவை’ என்று எழுதியிருக்கிறேன்.